கண்மாய்க் கரையும் கலாசாலையும்

பிள்ளை இஞ்ஜினீயருக்குப் படிக்கிறான் என்று சொல்லிக்கொள்வதில் நம் மதுரைக் குடும்பங்களுக்குத் தனிப் பெருமை உண்டு. எந்தத் துறை என்று வினவினால், “நீர்ப்பாசனம்” என்று விடை பகர்வோர் மிக அபூர்வம். வைகையை நம்பி வாழும் ஊருக்கு இது விசித்திரந்தான்.

மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, வைகையோடு சேர்த்தது 1895-ஆம் வருஷத்தில். அவ்வணையை எழுப்பிய பென்னிகுயிக் துரை மறு வருஷமே இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் கலாசாலையின் தலைவரானார். இந்திய மராமத்து இலாகாவுக்கு இஞ்ஜினீயர்களைத் தயாரிப்பதற்கென்று ஏற்பட்ட கலாசாலை அது. நம் ஆறுகளை ஆளும் வித்தைக்குத் தேம்ஸ் நதியருகே பள்ளிக்கூடம்!

இன்று அந்தக் குறை இல்லை. திருப்பரங்குன்றத்தில் 1957 முதல் தியாகராசர் பொறியியற் கல்லூரி நடந்துவருகிறது. சிவில் பட்டம் பெற்றவர் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்து நீர்வள மையத்தில் மேலே படிக்கலாம். வடக்கே ரூர்க்கியில் 1955-லேயே இதற்கெனத் தனிப் பயிற்சி நிலையம் கண்டார்கள். ஸர்க்கார் உத்தியோகத்துக்குத் தேர்வாணையத்தின் பரீக்ஷை உண்டு.

மழையளவு, ஆவியாகும் நீர், படியும் வண்டல் ஆகியவற்றைக் கணக்கிடக் கலாசாலை நன்றாகவே கற்பிக்கிறது. மழை பொய்த்த வருஷத்தில், இருக்கும் நீரை யாருக்கு எத்தனை நாள் விடுவது? இந்தக் கணக்கைக் கண்மாய்க் கரையில் தலைமுறை தலைமுறையாய்ப் போட்டு வந்தவர் நீர்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயல் மேடு, கலுங்கு வழியும் முன் வரத்துக்காலில் எங்கே அடைப்பு எடுப்பது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அறுவடையில் கொஞ்சம் நெல்தான் அவருக்குக் கூலி. பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரிடமே இவ்வேலை இருந்தமையால், அவருடைய அறிவை வித்தையென்று மதித்தவர் சிலரே. அவருடைய மகன் இன்று வேறு வேலைக்குப் போய்விடுகிறான்; போகாதே என்று சொல்ல நமக்கு வாய் ஏது?

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, ‘வயலகம்’ என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்துப் பழுதுபார்க்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறது. நம் கல்லூரிகளும் அந்த வழியில் ஓரடி வைக்கலாம். நீர்த்துறை மாணாக்கர், ஆணாயினும் பெண்ணாயினும், ஐப்பசி தொடங்கித் தை முடிய ஒரு கண்மாயில் நீர்பாய்ச்சியிடம் பாடம் கேட்கட்டும். அதற்கு மதிப்பெண்ணும் இருக்கட்டும். அவருக்கு உபாத்தியாயர் சம்பளம் ரொக்கமாகவே கொடுக்கவேண்டும். மறுபடியும் நெல்லை அளந்து அனுப்பிவிடக் கூடாது.