சில்லறையில் சேகரிப்பு நாணயங்கள்

சில்லறையில் நாணயம் தேடுதல் என்பது அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் கைக்கு வரும் காசுகளிலிருந்து சேகரிக்கத் தகுந்தவற்றைப் பிரித்தெடுக்கும் பழக்கமாகும். முகமதிப்பைத் தவிர வேறு செலவு இல்லாததால், நாணயவியலில் நுழையும் மாணவர்களுக்கு இது எளிய தொடக்கமாக அமைகிறது.

திருச்சிராப்பள்ளியின் சில்லறை

திருவரங்கம் அரங்கநாதர் கோயில், திருவானைக்காவல், சமயபுரம் ஆகிய இடங்களுக்கு வரும் பக்தர்களோடு பல ஊர்களின் சில்லறையும் இந்நகருக்கு வந்து சேர்கிறது. பூக்கடை, நகரப் பேருந்து, காந்தி சந்தை என அது கைமாறிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளுக்கு இங்கிருந்து நேரடி விமானங்கள் உள்ளதால் அந்நாட்டுக் காசுகளும் இடையே கலந்துவருவதுண்டு.

நினைவு நாணயங்கள்

தலைவர்களையும் நிகழ்வுகளையும் நினைவுகூர வெளியிடப்படுபவை இவை. இந்தியக் குடியரசின் முதல் நினைவு நாணயம் 1964 இல் நேருவுக்காக வெளியானது. தமிழகம் சார்ந்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை:

- 1995: தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயங்கள்
- 2003: காமராசர் நூற்றாண்டு 5 ரூபாய்
- 2009: அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய்; இதில் அவரது தமிழ்க் கையொப்பம் உள்ளது
- 2010: தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு 5 ரூபாய்

நாணயச்சாலைக் குறி

ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள சிறு குறி, காசு எங்கே அச்சடிக்கப்பட்டது என்பதைக் காட்டும். வைரவடிவம் மும்பையையும், விண்மீன் ஐதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். குறி எதுவும் இல்லையெனில் அது கொல்கத்தா. தட்டுப்பாட்டுக் காலங்களில் கனடா, மெக்சிக்கோ, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளிலும் இந்தியக் காசுகள் அச்சடிக்கப்பட்டன. அவற்றில் வேறு குறிகள் இருக்கும்.

பிழை நாணயங்கள்

உருவம் மையத்திலிருந்து விலகியவை, தவறான தகட்டில் அச்சானவை ஆகியன பிழை நாணயங்கள். இந்தியக் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபுறமும் நேராகத் தெரிய வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ தெரிந்தால் அது அச்சுச் சுழற்சிப் பிழை. அச்சடித்த பிறகு நசுங்கியதும் தேய்ந்ததும் பிழையாகா. அவை வெறும் சேதம்.

மதிப்பு

பழமை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. அச்சான எண்ணிக்கை, காசின் நிலை, வாங்குவோரின் தேவை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டுத் தேய்ந்த காசு, ஐம்பது ஆண்டு பழையதானாலும் பெரிய விலை பெறாது. புளி, எலுமிச்சை, திருநீறு கொண்டு தேய்த்தால் மேற்பரப்பு கெட்டு மதிப்பு குறையும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, உலர்ந்த காகித உறையில் வைப்பது நல்லது.

இணைய மோசடி

மாதா வைஷ்ணவ தேவி உருவம் கொண்ட 2012 ஆம் ஆண்டு 5, 10 ரூபாய்க் காசுகள் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்ற விளம்பரங்கள் இணையத்தில் பரவின. இத்தகைய விளம்பரங்களை நம்புவோரிடம் "பதிவுக் கட்டணம்", "வரி" என்று முன்பணம் கேட்பதே மோசடியின் வழி. சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தினர். பழைய நாணய வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், தன் பெயரில் கட்டணம் வசூலிக்க எவருக்கும் அனுமதி தரவில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகத்தில் எச்சரித்தது. வாங்குபவர் பணம் தருவாரே தவிர கேட்க மாட்டார் என்பதே எளிய சோதனை.

சட்ட நிலை

25 காசும் அதற்குக் குறைந்தவையும் 2011 சூன் 30 முதல் செல்லாது. 50 காசு இன்றும் செல்லும். தமிழகத்தில் சில கடைகள் மறுத்துவந்த 10 ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என 2018 சனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. நாணயச் சட்டம் 2011 இன்படி காசுகளை உருக்குவதும் அழிப்பதும் குற்றம்.

மண்ணுக்குள் கிடைக்கும் காசுகளின் நிலை வேறு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் 1.716 கிலோ எடையுள்ள 505 பொற்காசுகள் ஒரு கலத்தில் கிடைத்தன. இவ்வாறு புதையலாகக் கிடைப்பவற்றை 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சில்லறையாக வந்த காசோ, பெற்றவருக்கே சொந்தம்.