21 நகர்வு... 17 காய்கள் காலி... முடிவு டிரா!

செஸ்ஸில் ‘டிரா’ என்றாலே, இரண்டு பேரும் கைகுலுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள் என்றுதான் பலருக்கும் தோன்றும். சில டிராக்கள் அப்படித்தான். ஆனால், 1960-ல் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் பாபி ஃபிஷரும் மிகைல் தாலும் ஆடியது வேறு ரகம்.

அமெரிக்காவின் ஃபிஷருக்கு அப்போது வயது 17. சோவியத்தின் தாலுக்கு 23. அந்த வருடம்தான் பொட்வின்னிக்கை வீழ்த்தி உலக சாம்பியன் ஆகியிருந்தார். இருவருக்கும் ஒரு பழைய கணக்கும் உண்டு. முந்தைய வருடம் கேண்டிடேட்ஸ் போட்டியில் மோதிய நான்கு ஆட்டங்களிலும் ஜெயித்தது தால்தான். 4-0! இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர் அடுத்த முறை பத்திரமாக ஆடத்தானே பார்ப்பார்?

ஃபிஷர் பார்க்கவில்லை. பிரெஞ்சு டிஃபென்ஸில் ‘வினாவர்’ என்ற வில்லங்கமான பாதையில் தால் இறங்க, ஏழாவது நகர்விலேயே ராணியை வெளியே அனுப்பினார் ஃபிஷர். அது தாலின் எல்லைக்குள் தனியாகப் புகுந்து, அடுத்தடுத்து இரண்டு சிப்பாய்களைத் தின்றது. லாபம்தானே? அங்கேதான் சிக்கல். முதல் சிப்பாய் போனதுமே தாலின் யானைக்கு முன்னால் நெடுஞ்சாலை திறந்துவிட்டது. அந்தச் சாலையின் மறுமுனையில்தான் பிறகு ஃபிஷரின் ராஜா போய் உட்கார்ந்தது!

14-வது நகர்வில் வெடித்தது. குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டினார் தால். அதில் தொடங்கி 21-வது நகர்வுக்குள் 12 காய்கள் காலி. தால் ஒரு யானையை வெட்டுகிறார். அதற்குப் பதிலடி கொடுக்காமல், ஃபிஷர் வேறொரு மூலையில் தாலின் யானையை வெட்டுகிறார். வீட்டில் போர்டு இருந்தால் ஆடிப் பாருங்கள், தலை சுற்றும்.

அந்த நெடுஞ்சாலை வழியாக வந்த தாலின் இன்னொரு யானை, ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை வெட்டிவிட்டுத் தானும் பலியானது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஃபிஷரிடம் யானை, தாலிடம் குதிரை. கை ஓங்கியிருந்தது ஃபிஷருக்குத்தான். ஆனால், தாலின் ராணியிடம் ‘செக்’ இருந்தது. ராஜா மூலைக்கு ஓடினாலும் செக், திரும்பி வந்தாலும் செக். நாள் முழுக்க இதையே தொடரலாம். டிரா!

அந்த ஒலிம்பியாடில் தங்கம் சோவியத்துக்கு, வெள்ளி அமெரிக்காவுக்கு. அடுத்த வருடம் பிளெட் நகரில் தாலை முதன்முறையாக வென்றார் ஃபிஷர். பின்னாளில் தன் மறக்க முடியாத 60 ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்துப் புத்தகம் போட்டபோது, லைப்சிக்கில் ஜெயிக்காத இந்த ஆட்டத்துக்கும் அதில் இடம் கொடுத்தார்.