பல்லை நகர்த்துவது பிளாஸ்டிக் மட்டும்தானா?

2023 டிசம்பர் 8. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இருந்து இயங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் கடையைக் கட்டியது. மருத்துவரை நேரில் பார்க்காமலே, தபாலில் வரும் அலைனரை, அதாவது பல்லில் அணியும் பிளாஸ்டிக் உறையை, மாட்டிப் பல்லை நேராக்கலாம் என்று 2014-ல் கிளம்பிய நிறுவனம் அது. சிகிச்சை பாதியில் நின்றவர்களை உள்ளூர்ப் பல் மருத்துவரிடம் போகச் சொன்னது. ஆயுள் உத்தரவாதம் ரத்து. ஆனால், தவணையில் வாங்கியவர்கள் பாக்கியைக் கட்டியாக வேண்டும் என்றது.

மக்கள் ஏன் அந்த நிறுவனத்திடம் போனார்கள்? விலைதான் காரணம். அமெரிக்காவில் பல் சீரமைப்பு நிபுணரிடம் ஐயாயிரம் டாலர் வரை, சில நேரம் அதற்கு மேலும் ஆகும். இந்த நிறுவனத்தின் தபால் வழியில் சுமார் 2,000 டாலர்தான் ஆனது. பெட்டியில் வந்த மாவைக் கடித்து அச்சு எடுத்து அனுப்பினால், உறைகள் வீடு தேடி வந்துவிட்டன. கையில் காசில்லாதவரை இதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை.

சிக்கல் ஈறுக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு அலைனரும் பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் தள்ளும். அழுத்தம் விழும் பக்கம் தாடை எலும்பு கரையும். எதிர்ப்பக்கம் புது எலும்பு வளரும். இப்படித்தான் பல் இடம் மாறுகிறது. ஈறு நோயால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தால், அதே அழுத்தம் பல்லை ஆட வைத்துவிடும். எலும்புத் தேய்மானம், குட்டையான வேர், முளைக்காமல் உள்ளே படுத்திருக்கும் பல் எதுவும் அச்சில் தெரியாது. எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

நிபுணர் முதலில் அதைத்தான் பார்க்கிறார். பிறகு, திரும்ப வேண்டிய பல்லில் சிறு பிடிமானம் ஒட்டுகிறார். இடம் போதாவிட்டால் பற்களின் இடையே இழையளவு தேய்க்கிறார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கின்றனவா என்று சோதிக்கிறார். சிகிச்சை முடிந்ததும் ரீடெய்னர் கொடுத்து, பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் காக்கிறார்.

ஈறு ஆரோக்கியமாக இருந்து, முன்பல்லில் சின்ன இடைவெளி மட்டும் உள்ளவருக்குத் தபால் அலைனர் பலன் தந்திருக்கலாம். ஆனால், அது சின்னப் பிரச்சினைதான் என்பதையே பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும். நிபுணருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்தப் பார்வைக்கும் பொறுப்புக்கும்தான்.

எனவே, பணம் கட்டும் முன் கேளுங்கள்: எக்ஸ்ரே எடுப்பீர்களா? என் சிகிச்சைக்குப் பொறுப்பான மருத்துவர் யார்? நடுவில் வலி வந்தால் யாரைப் பார்ப்பது? பதில் வராத இடத்தில் பல்லை ஒப்படைக்காதீர்கள். கட்டணம்தான் தடை என்றால், பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் விசாரியுங்கள்.