ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்தால்: பெருவிபத்து நாளில் மருத்துவமனைகள் கைகோக்கும் முறை

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை நம் விருதுநகர் மாவட்டத்தார் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். ஏறக்குறைய 40 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதலில் எழுந்த புகையைக் கண்டு உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் சென்றவர்கள். காயமுற்றோர் சிவகாசி அரசு மருத்துவமனை தொடங்கி மதுரை அரசு இராசாசி மருத்துவமனை வரை கொண்டு செல்லப்பட்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு வெடிவிபத்து 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது.

பட்டாசுத் தொழில் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குரியது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் அதனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். 2024 மே 1 அன்று காரியாபட்டி வட்டத்தில் ஆவியூர்ப் பகுதிக் கல்குவாரி ஒன்றின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூவர் இறந்தனர். மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டையைத் தொட்டே செல்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் நம் கரிசல் கிராமத்து மக்கள் ஆலைகளுக்கும் மில்களுக்கும் வேன்களில் கூட்டமாகச் சென்று வருகின்றனர். அத்தகைய வேன் ஒன்று கவிழ்ந்தாலே பதினைந்து, இருபது பேர் ஒரே நேரத்தில் மருத்துவமனை வாசலுக்கு வந்துவிடுவர். ஆகவே இது நமக்கும் உரிய பேச்சே.

எதைப் பெருவிபத்து என்கிறோம்?

இறந்தோர் எண்ணிக்கையைக் கொண்டு மருத்துவர்கள் இதனை அளப்பதில்லை. ஒரு மருத்துவமனையின் ஆட்களும் கருவிகளும் படுக்கைகளும் தாங்கக்கூடிய அளவை மீறிக் காயமுற்றோர் வந்தால், அம்மருத்துவமனைக்கு அது பெருவிபத்து. மதுரையில் பத்துப் பேர் வந்தால் சமாளித்துவிடலாம். இரவுப் பணியில் ஒரே மருத்துவர் உள்ள சிற்றூர் மருத்துவமனைக்கு, ஆபத்தான நிலையில் நால்வர் வந்தாலே போதும்.

எந்த மருத்துவமனையும் தனித்து நின்று இத்தகைய நாளைக் கடக்க இயலாது. இதனை உணர்த்த ஒரு கணக்குப் போதும். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடலின் 40 விழுக்காடு தீயில் வெந்துவிட்டது என்று கொள்வோம். வெந்த தோலின் வழியே உடலின் நீர் வடிந்துகொண்டே இருக்கும். அதனை ஈடுசெய்ய, முதல் 24 மணி நேரத்தில் 4 முதல் 8 லிட்டர் வரை மருந்துநீர் நரம்பு வழியே ஏற்றப்பட வேண்டும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்திற்குள் ஏற வேண்டும். இத்தகையோர் 30 பேர் எனில், ஒரே நாளில் 120 முதல் 240 லிட்டர் தேவைப்படும். அரை லிட்டர்ப் பாட்டில்களில் 240 முதல் 480 வரை. மூச்சுக்குழாய் புகையால் வீங்கியவர்களுக்கு வென்டிலேட்டர் வேண்டும். பிறகு பல வாரங்களுக்குத் தோல் ஒட்டு அறுவைகள் வேண்டும். ஒரு வட்டார மருத்துவமனையின் கிடங்கு இவ்வளவையும் தாங்காது.

அருகிலுள்ள மருத்துவமனை ஏன் திணறுகிறது?

உலகெங்கும் இத்தகைய விபத்துகளில் ஒரே வகையான போக்கு காணப்படுகிறது. நடக்கக்கூடியவர்களும் சிறு காயமுற்றவர்களும் கிடைத்த ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏறி, மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கு முதலில் வந்து சேர்ந்துவிடுகின்றனர். இடிபாட்டில் சிக்கியோரும் நினைவிழந்தோரும் பின்னரே வருகின்றனர். அதற்குள் படுக்கைகள் நிரம்பியிருக்கும். மருத்துவர்கள் தையல் போட்டுக்கொண்டிருப்பர். சற்றுத் தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனையோ ஆயத்தமாக இருந்தும் காத்துக்கொண்டிருக்கும்.

காயமுற்றோரைத் தொடக்கத்திலேயே பல மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புவதே இதற்குத் தீர்வு. 2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டுகள் வெடித்தன. மூவர் நிகழ்விடத்திலேயே இறந்தனர். 260க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பலர் கால்களை இழந்தனர். ஆயினும் மருத்துவமனையை உயிருடன் அடைந்த ஒருவரும் இறக்கவில்லை. அந்நகரின் மருத்துவமனைகள் முன்பே சேர்ந்து ஒத்திகை பார்த்திருந்தன. ஆம்புலன்ஸ்கள் காயமுற்றோரை ஒரே இடத்தில் குவிக்காமல் பகிர்ந்து கொண்டு சென்றன.

நம் மாநிலத்தில் இதற்கான அடித்தளம் படிப்படியாக அமைந்து வருகிறது. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை, வாகனங்களை ஒரே கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவந்தது. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சித் திட்டம், அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகளாக ஒரே முறையில் ஒழுங்குபடுத்தியது. 2022 ஜனவரி 12 அன்று விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், முதலிப்பட்டி விபத்தின்போது மாவட்டத்தில் இல்லாத ஒரு வலிமை இன்று நமக்கு உண்டு. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமைந்த ஆணையம் தீயணைப்பு, காவல், வருவாய், சுகாதாரத் துறைகளை இணைக்கிறது.

எனினும் கட்டடமும் வாகனமும் மட்டும் ஆயத்தமாகிவிடா. எந்த மருத்துவமனையில் எத்தனை வென்டிலேட்டர், எந்த இரத்த வங்கியில் எவ்வளவு இருப்பு, எந்த அறுவை மருத்துவரை எந்த எண்ணில் அழைப்பது என்பன விபத்துக்கு முன்பே அரசு, தனியார் வேறுபாடின்றி எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒத்திகையின் பயன் அதுதான். ஆகவே மருத்துவமனையில் திடீரெனச் சங்கு ஒலித்து, வண்ண அட்டை கட்டிய ‘காயமுற்றோர்’ தள்ளுவண்டிகளில் வருவதைக் கண்டால் அஞ்ச வேண்டாம். அது பயிற்சியாக இருக்கலாம். ஊழியர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வண்ண அட்டைகள் சொல்வது என்ன?

பெருவிபத்து நாளில் குடும்பத்தார் பெரிதும் மனம் நோவது ஒரு கேள்வியால்தான்: “என் பிள்ளை முதலில் வந்தான், பின்னால் வந்தவரை ஏன் முதலில் உள்ளே கொண்டு சென்றார்கள்?”

அன்று வரிசை, வந்த நேரத்தைப் பொறுத்தது அன்று. மூச்சு எப்படி இருக்கிறது, நாடி கைக்குத் தட்டுப்படுகிறதா, சொன்னதைப் புரிந்துகொண்டு செய்கிறாரா என்பவற்றை ஒரு நிமிடத்திற்குள் பார்த்து வண்ணம் தரப்படுகிறது. உடனே கவனித்தால் பிழைக்கக்கூடியவருக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், நடக்கக்கூடியவருக்குப் பச்சை. உயிர் பிரிந்தவர்களுக்குக் கறுப்பு.

அலறுகிறவரை விட அமைதியாகக் கிடப்பவர் பெரும்பாலும் அதிக ஆபத்தில் இருக்கிறார். அலறுவதற்கு மூச்சு வேண்டும். பச்சை அட்டை பெற்றவரை ஒதுக்கிவிட்டோம் என்பது பொருளன்று. அவர் நிலை மாறுகிறதா என்று மீண்டும் மீண்டும் பார்க்கப்படும், தேவையெனில் வண்ணமும் மாறும். காத்திருக்கும் உறவினருக்கு மூச்சுத் திணறலோ மயக்கமோ குரல் கரகரப்போ தோன்றினால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். அது தொந்தரவு அன்று, உதவி.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு

அன்று வார்டில் படுத்திருக்கும் நீங்களும் இந்த ஆயத்தத்தின் ஒரு பகுதியே. நாள் குறித்த குடலிறக்க அறுவையோ கண்புரை அறுவையோ தள்ளிவைக்கப்படலாம். தேறிவரும் நோயாளியை ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கும், வார்டிலிருந்து வீட்டுக்கும் அனுப்பக் கேட்கலாம். இந்த முடிவை மருத்துவரே நோயாளியைப் பார்த்து எடுக்க வேண்டும். எப்போது திரும்பி வருவது, எந்த அறிகுறி கண்டால் உடனே வருவது என்பதை எழுதித் தர வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. டயாலிசிஸ், பிரசவம், மாரடைப்பு ஆகியவை எந்நாளும் தள்ளிவைக்கக்கூடியவை அல்ல.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

வெடித்த இடத்திற்கு ஓடாதீர்கள். இரண்டாவது வெடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. முதலிப்பட்டி தந்த பெரும் பாடம் அது. தள்ளி நின்று 108ஐ அழையுங்கள். இடம், காயமுற்றோரின் தோராய எண்ணிக்கை, வழி ஆகியவற்றைச் சொல்லுங்கள்.

தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஓடவிடுங்கள். மஞ்சள், மை, பற்பசை, எண்ணெய் எதையும் பூச வேண்டாம். ஐஸ் கட்டியும் கூடாது. மோதிரம், வளையல், கயிறு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். பிறகு சுத்தமான துணியால் மூடுங்கள்.

மருத்துவமனையில் ஒரு குடும்பத்திற்கு ஒருவர் நின்றால் போதும். முகம் வெந்தவரை உறவினரே அடையாளம் காண இயலாமற் போவதுண்டு. மச்சம், பழைய தழும்பு, பச்சைகுத்து, அணிந்திருந்த உடை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைத் தகவல் மேசையில் சொல்லுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களின் மருந்துச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருப்பது இன்றே செய்யக்கூடிய வேலை.

குருதி தர விரும்புவோர் எல்லாரும் அன்றே திரள வேண்டியதில்லை. தீக்காயமுற்றோருக்குத் தோல் ஒட்டு அறுவையின்போது, பல நாள் கழித்தும் இரத்தம் தேவைப்படும். உங்கள் பெயரையும் இரத்த வகையையும் இரத்த வங்கியில் பதிந்துவிட்டு, அழைக்கும்போது வாருங்கள். முதல் நாளில் உண்மையாகக் கைகொடுப்பது, அதற்கு முந்தைய வாரங்களில் யாரோ தந்து சேமிப்பில் இருக்கும் குருதியே.

சாலை விபத்தில் சிக்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டுவரத் தயங்க வேண்டாம். அவ்வாறு உதவுவோரை 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் காக்கிறது. பெயரைச் சொல்லுமாறு யாரும் வற்புறுத்த இயலாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இப்பக்கத்தை வீட்டில் உள்ளோருக்குப் படித்துக் காட்டுங்கள். ஆலைக்கும் குவாரிக்கும் வேலைக்குச் செல்வோருக்கு முதலில். மருத்துவ அவசரத்திற்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்னும் இரு எண்களையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.