ரொக்கம் செல்லாத நகரில் நான்கு நாள்கள்

ஐரோப்பாவில் முதன்முதலாக வங்கித்தாள் வெளியான நகரம், சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோம். அந்நாளில் அங்குச் செப்புத் தகடுகளே பணமாக வழங்கின. அவற்றுள் மிகப் பெரியது ஏறத்தாழ 20 கிலோ எடை கொண்டது. அச்சுமைக்கு மாற்றாக, 1661இல் யோஹான் பால்ம்ஸ்ட்ரூக் என்பவரின் வங்கி தாள் பணத்தை வெளியிட்டது. அளவு மீறி அச்சிட்டமையால் சில ஆண்டுகளிலேயே அவ்வங்கி நொடித்தது. அந்தப் பாடத்தில் பிறந்ததே, 1668இல் தோன்றி உலகின் மிகப் பழைய மைய வங்கியாக விளங்கும் ரிக்ஸ்பாங்க். இன்று அதே நகரில் தாள் பணத்தை நீட்டினால், வாங்க மறுக்கும் கடைகள் பல.

ஓய்வுபெற்ற நம் வாடிக்கையாளர் ஒருவர் மனைவியுடன் அங்குச் சென்றார். கையில் சுவீடனின் நாணயமான குரோனா நோட்டுகளும் ஒரு டெபிட் அட்டையும் இருந்தன. நகரப் பேருந்தில் ரொக்கம் செல்லாது என்றனர். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்படவில்லை. அதைச் செயலியில் திறக்கலாம் என்றால் கைப்பேசியில் இணையம் இல்லை. உடனிருந்த பயணி ஒருவர் அவர்களுக்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்தினார். பையில் பணமிருந்தும் பரதேசிகளாய் நின்றோம் என்று அவர் திரும்பி வந்து கூறியபோது, முன்கூட்டியே சொல்லத் தவறியது நாமே என்று உணர்ந்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் பருவம். ஜூனில் பகல் 18 மணி நேரத்திற்கு மேல் நீளும். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். முதற்பயணத்திற்குக் கோடையே உகந்தது.

அடுத்து ஷெங்கன் விசா. பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும். கோடையில் கூட்டம் மிகும் என்பதால் இறுதி நாள் வரை காத்திருத்தல் கூடாது. குறைந்தது 30,000 யூரோ மதிப்பிலான மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

மூன்றாவது பணம். சுவீடன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோவை ஏற்கவில்லை. அங்குப் புகழ்பெற்ற 'ஸ்விஷ்' என்னும் கைப்பேசிப் பரிமாற்றத்திற்குச் சுவீடன் வங்கிக் கணக்கு வேண்டும். ஆதலால் பயணிக்கு அட்டையே துணை. இரண்டு அட்டைகளை வெவ்வேறு பைகளில் வையுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே திறந்து, செலவு வரம்பையும் குறித்துவிடுங்கள். ஓடிபி வருவதற்கு ரோமிங் வசதி பெறுங்கள். பணம் செலுத்தும் கருவி 'ரூபாயிலா, குரோனாவிலா?' என்று கேட்டால் குரோனாவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் பெரும்பாலும் நமக்கே இழப்பு. உறவினர் தந்த பழைய குரோனா நோட்டுகளையும் நம்ப வேண்டா. 2015 முதல் புதிய நோட்டுகள் வந்தபின் முந்தையவை செல்லாதவை ஆயின.

இனி நகரம். 14 தீவுகளின்மேல் அமைந்த ஸ்டாக்ஹோமை நான்கு நாள்களில் நிதானமாகக் காணலாம். முதல் நாள் பழைய நகரான கம்லா ஸ்தானின் குறுகிய தெருக்களில் நடக்கலாம். இரண்டாம் நாள் யூர்கோர்டன் தீவில் வாசா கப்பலும், 1891இல் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகமும். மூன்றாம் நாள் நோபல் விருந்து நடைபெறும் நகர மன்றத்தையும், ஓவியங்கள் நிறைந்த சுரங்க ரயில் நிலையங்களையும் பார்க்கலாம். நான்காம் நாள் படகேறி ட்ரோட்னிங்ஹோம் அரண்மனைக்குச் செல்லலாம்.

வாசா கப்பலின் முன் சற்று நேரம் நில்லுங்கள். 1628இல் தன் முதற்பயணத்திலேயே, துறைமுகம் தாண்டும் முன் மூழ்கிய போர்க்கப்பல் அது; 1961இல்தான் மேலே எடுக்கப்பட்டது. புறப்படும் முன் நடந்த சோதனையிலேயே அது அபாயமாக ஆடியது. சோதனையை நிறுத்தினார்களே தவிரப் பயணத்தை நிறுத்தவில்லை.

நம் பயணத்திற்கும் ஒரு சோதனை உண்டு. அது பத்து நிமிட வேலைதான். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, அட்டையுடனும் கைப்பேசியுடனும் உங்கள் கிளைக்கு ஒருமுறை வாருங்கள்.