144 பைட்டில் ஒரு மருந்துச்சீட்டு

பார்வையற்ற ஒருவரிடம் இரண்டு மாத்திரைப் பெட்டிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு, ஒரே கனம். ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, இன்னொன்று சர்க்கரைக்கு. பெட்டியின் மூடியில் நாணய அளவு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்து, அதன்மேல் அவர் செல்பேசியை வைத்தால், திரையைப் படித்துக்காட்டும் வசதி ‘காலை ஒன்று, சாப்பிட்ட பின்’ என்று உரக்கச் சொல்லிவிடும். ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. அந்த வாசகத்தை எழுத வீட்டில் உள்ள யாராவது ஒருவரின் செல்பேசியே போதும்.

என்எஃப்சி என்றால் கடையில் கார்டைத் தொட்டுப் பணம் கட்டுவதுதான் நமக்கு நினைவு வரும். அதே நுட்பத்தால் செல்பேசி இந்த ஸ்டிக்கர் போன்ற ஒரு டேக்கைப் படிக்கும், அதில் எழுதவும் செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. என்னைக் கேட்டால், இதில் சாதாரண மனிதருக்கு அதிகம் உதவக்கூடியது எழுதும் வசதிதான்.

ஸ்டிக்கருக்குள் இருப்பது சில சுற்றுகள் கொண்ட மெல்லிய உலோகச் சுருளும் ஒரு துளி சிப்பும். செல்பேசியின் பின்புறத்திலும் அப்படி ஒரு சுருள் உண்டு. அதில் ஓடும் மின்னோட்டம் நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அதிர்கிறது, அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பக்கத்துச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். சிப் விழித்துக்கொள்ள அந்தத் தூண்டல் மின்சாரமே போதும்.

சரி, அது பதில் சொல்வது எப்படி? டேக் தானாக எந்த அலையையும் வீசுவதில்லை. தன் சுருளில் ஒரு சிறு மின்சுமையைச் சேர்ப்பதும் விலக்குவதுமாக இருக்கிறது. வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்குமே, அதுபோல டேக் சுமை ஏற்றும்போதெல்லாம் செல்பேசியின் சுருளில் மின்னழுத்தம் இம்மியளவு அசைகிறது. அந்த அசைவுகளைத்தான் செல்பேசி 0, 1 எனப் படித்துக்கொள்கிறது. கொடுத்த மின்சாரத்தின் வழியாகவே பதிலையும் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

சுருளின் அளவைத் தாண்டிவிட்டால் இந்தப் புலம் மிக வேகமாக வலுவிழக்கும். தூரம் இருமடங்கானால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். செல்பேசியை டேக்கின் 4 சென்டிமீட்டருக்குள் கொண்டுபோக வேண்டியிருப்பது இதனால்தான். சுங்கச்சாவடியில் காரின் கண்ணாடியில் பார்க்கும் ஃபாஸ்டேக் வேறு இனம். அது 865 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இயங்கி, பல மீட்டர் தூரத்திலிருந்து படிக்கப்படுவது. செல்பேசியின் என்எஃப்சியால் அதைப் படிக்க முடியாது.

நோக்கியா, சோனி, பிலிப்ஸ் மூன்றும் சேர்ந்து என்எஃப்சி ஃபோரத்தை 2004இல் தொடங்கின. ஆண்ட்ராய்டில் 2010இல் நெக்சஸ் எஸ் போனோடு இந்த வசதி வந்தது. ஆப்பிளோ 2014இல் ஐபோன் 6இல் சிப்பை வைத்துவிட்டு, பணம் கட்டுவதற்கு மட்டும் திறந்துவிட்டது. டேக் படிக்க 2017 வரையும் எழுத 2019 வரையும் ஐபோன்காரர்கள் காத்திருந்தார்கள். கையில் இருந்த கருவியால் முடிந்த ஒன்றை இத்தனை ஆண்டு தள்ளிப்போட்டது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் என்டேக்213 வகையில் 144 பைட் எழுதலாம். இணைய முகவரிக்கு இது தாராளம். ‘https://’ என்ற எட்டு எழுத்தையும் ஒரே பைட்டில் அடக்கிவிட, டேக்கில் எழுதும் தரவு வடிவத்தில் வழி இருக்கிறது. தமிழில் எழுதும்போதுதான் இடம் நெருக்கும். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘கா’ என்பது க, துணைக்கால் என இரண்டு குறியீடு. ஆக 6 பைட். ‘காலை ஒன்று, சாப்பிட்ட பின்’ என்ற வாசகம் இப்படி 70 பைட்டை விழுங்குகிறது. மாத்திரையின் பெயரையும் சேர்த்தால் டேக் நிறையத் தொடங்கிவிடும். ஆனால் உரையை யுடிஎஃப்-16 முறையில் எழுதவும் விதி இடம் தருகிறது. அப்போது தமிழ்க் குறியீட்டுக்கு 2 பைட்தான். அதே வாசகம் 52 பைட்டில் முடியும். டேக் எழுதும் ஆப்களை உருவாக்குகிறவர்கள் தமிழ் உரை வந்தால் தாமாகவே இந்த முறைக்கு மாற வேண்டும். பெரிய வேலையில்லை, பலனோ உடனடி.

ஒட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். எவர்சில்வர் டப்பாவில் ஒட்டினால் டேக் செத்ததுபோல் கிடக்கும். மாறும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்ட, அவை அந்தப் புலத்தையே எதிர்த்து அழுத்திவிடுகின்றன. மெல்லிய அட்டைப் பெட்டிக்குள் அலுமினிய மாத்திரை அட்டை ஒட்டினாற்போல் இருந்தாலும் சிக்கல்தான். உலோகத்துக்கென்றே அடியில் ஃபெரைட் படலம் வைத்த டேக்குகள் விற்கின்றன. அவை கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறிவிடலாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: இணைய முகவரி உள்ள டேக்கை எக்ஸ்எஸ் மாடலும் அதற்குப் பிந்தைய ஐபோன்களும் தாமாகவே கண்டுகொள்ளும்; வெறும் உரையைப் படிக்க ஒரு ஆப்பைத் திறந்தாக வேண்டும்.

மேற்கொண்டு எழுத முடியாதபடி பூட்டாத டேக்கில் எவரும் தம் செல்பேசியை வைத்து, இருப்பதை அழித்து வேறு எழுதலாம். கடை வாசலில் முகவரி எழுதி ஒட்டியிருந்தால், ஏமாற்றுக்காரர் அதே ஸ்டிக்கரில் தன் இணைப்பை எழுதிவிட்டுப் போகலாம். அதனால் பொது இடத்தில் ஒட்டுவதைப் பூட்டியே ஆக வேண்டும். பூட்டும் பிட்கள் ஒருமுறை மாறினால் மாறியதுதான். தயாரித்த நிறுவனத்தாலும் திருப்ப முடியாது. பூட்டினாலும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் ரகசிய எண் எதையும் எழுதக் கூடாது. மருந்துப் பெட்டியின் டேக்கைப் பூட்ட வேண்டாம். ஒரு லட்சம் முறை அழித்தெழுதத் தாங்கும் சிப் அது, அடுத்த முறை மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றினால் அதிலேயே திருத்தி எழுதிக்கொள்ளலாம்.