சோழவரத்துப் பந்தயக் கார்

முட்டத்துக் கலங்கரை விளக்கத்தின் அடியில், பாறைகளுக்கு இடைப்பட்ட மணல்துறையில் நின்று, மீன்பாடு முடிந்து கரைநோக்கி வரும் இரண்டு வள்ளங்கள் ஒன்றையொன்று முந்த எத்தனிப்பதைக் கண்டிருப்பவர்களுக்கு, பந்தயம் மனிதனுடைய பிறவிச் சுபாவம் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கரையேறும் மீனுக்கு ஏலத்தில் விலை கூடுதல் என்பது அவர்களுடைய அவசரத்துக்கு ஒரு காரணம். அந்தக் காரணம் இல்லாத நாளிலும் முந்தத்தான் செய்வார்கள்.

இந்தச் சுபாவம் மோட்டார் வண்டியைத் தொற்றிக்கொள்ள அதிக காலம் பிடிக்கவில்லை. 1894ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரிலிருந்து ரூவான் வரையில் குதிரையில்லா வண்டிகள் போட்டியிட்டு ஓடின. 1907இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் பந்தயத்துக்கென்றே ஒரு களம் அமைந்தது. இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்தபின், போர் விமானங்களுக்காக அவசர அவசரமாகப் போடப்பட்டு அநாதையாய்க் கிடந்த ஓடுபாதைகள் பந்தயப் பிரியர்களின் கண்ணில் பட்டன. 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலகப் போட்டியின் முதற் பந்தயம் நிகழ்ந்த சில்வர்ஸ்டோன் அத்தகைய விமானத் தளமே. சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரமும் அத்தகையதே. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில் நடத்திய பந்தயங்கள், ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுக்காலம் தென்னாட்டு இளைஞர்களுக்குத் திருவிழாவாக விளங்கின.

அங்கே ஓடியவை எவை? கோண்டல் சமஸ்தானத்து மன்னர் குடும்பம் போன்ற செல்வர்கள் கொணர்ந்த அயல்நாட்டு வண்டிகள் சில உண்டு. 1980களின் முற்பகுதியில் விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரும் உண்டு. ஆயினும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அக்காலத்தில், களத்தை நிறைத்தவை நம் தெருக்களில் கலியாண வீட்டாரை ஏற்றிச் சென்ற அதே ஃபியட்டும் அம்பாஸடரும் ஹெரால்டுமே ஆகும். அவற்றைப் பந்தயக் குதிரைகளாக மாற்றிய ரகசியம் மெக்கானிக்குகளின் கையில் இருந்தது.

முதற்காரியம், களைதல். பின் இருக்கை, தரைவிரிப்பு, கதவின் உள்தகடு என்று ஓட்டத்துக்கு உதவாத யாவும் வெளியே போகும். பாரம் குறையக் குறைய, அதே என்ஜின் வண்டியை விரைவாக எழுப்பிச் செல்லும். அடுத்து, சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைக் கடைசல் பட்டறையில் மயிரிழை கனத்துக்குச் சீவுவார்கள். அதனால் பெட்ரோலும் காற்றும் கலந்து எரியும் அறை சிறுத்து, கலவை முன்னிலும் இறுக நெருக்குண்டு, எரியும்போது பிஸ்டனை அதிக பலத்துடன் உந்தும். அளவு மீறிச் சீவினாலோ, என்ஜின் தட்டத் தொடங்கிப் பிஸ்டனே பொசுங்கிவிடும். அந்த அளவை அறிந்திருந்ததே அக்காலத்து மெக்கானிக்கின் வித்தை.

பந்தயத்துக்கென்றே பிறந்த ஒற்றை இருக்கைக் காரின் கதை சற்று வேறு. நெடுங்காலம் அதன் என்ஜினும் ஓட்டுநருக்கு முன்னால்தான் இருந்தது. இங்கிலாந்தின் கூப்பர் பட்டறையார், பாரம் வண்டியின் நடுவே குவியும்படி அதை அவருடைய முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார்கள். 1959லும் 1960லும் ஜாக் பிராபாம் அவ்வண்டியில் உலகப் பட்டம் வென்றதும், ஏனையோரும் அவ்வழியே வந்தனர். இதன் தத்துவம் முட்டத்து மீனவருக்குப் புதியதன்று: முன்முனையான அணியத்திலும் பின்முனையான அமரத்திலும் பாரத்தை வைத்தால் வள்ளம் திரும்ப மறுக்கும், அதே பாரத்தை நடுவே குவித்தால் துடுப்பின் ஒரு தள்ளுக்கே முகம் திருப்பும். 1968 முதல் அக்கார்கள் தரித்துக்கொண்ட இறக்கையோ, விமானத்தின் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்றது. விமானத்தை மேலே தூக்கும் அதே காற்று, இங்கே காரைத் தரையோடு அழுத்தி, வளைவில் சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது.

இந்த இரு மரபுகளும் கோவையில் ஒருவரிடத்தே சங்கமமாயின. ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்து, ஓட்டுநராகவும் வடிவமைப்பாளராகவும் விளங்கிய எஸ். கரிவரதன், குடும்பங்களைச் சுமந்த மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினை எடுத்து, அதைக் கொண்டு எளிய விலையில் ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான களம் திறக்கப்பட, சோழவரம் ஓய்ந்தது. 1995இல் கரிவரதனும் ஒரு சிறு விமான விபத்தில் மறைந்தார். ஆயினும் அந்தச் சிறிய காரில் பந்தயம் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார்.

ஒட்டுப்பலகை வள்ளங்களும் அவுட்போர்டு என்ஜின்களும் வந்தபின் முட்டத்துத் துறையிலும் பட்டறை வாசனை கலந்துவிட்டது. மாலையில் அங்கே ஒரு பெரியவர், மணலில் சாக்கை விரித்து என்ஜினைப் பிரித்துப் பரப்பிக்கொண்டிருந்தார். பழுதோ என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார்: “பழுதொண்ணும் இல்ல, நேத்து அவனுக்க வள்ளம் முந்திட்டு, பாத்துக்கிடுங்க.”